பதினோராம் பக்கத்தில் யார் பெயர்?

அத்தியாயம் 9

பதினாலு பக்கம், ஆறு வாரம், இரண்டு விரல். சக்கரத்தின் தொழில் திட்டம் எழுதி முடிந்த கதை இவ்வளவுதான்.

அந்த இரண்டு விரல்களும் அவள் வீட்டுக்காரருடையவை. டிரைவிங் ஸ்கூலில் பதினெட்டு வருடமாக வாத்தியார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தே பிழைப்பவர் என்பதால் தெருவில் அவருக்குப் பெயர் பிரேக் மாஸ்டர். லேப்டாப்பிலும் அப்படித்தான். ஒரு எழுத்து தட்டுவார், நிறுத்துவார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார்.

சக்கரம் என்பது ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர். பதினாலு வருடம் அங்கே ரிப்பேர் அறையில் வேலை. வீல்சேர், ஸ்ட்ரெச்சர், வாக்கர், கட்டில், எது கிறீச்சிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். இனி கெட்டுப்போனால் புதிது வாங்கிக்கொள்வார்களாம்.

அவள் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போய் வீல்சேர் ரிப்பேர் செய்யும் தொழில் ஒன்றை ஆரம்பிப்பது என்று முடிவெடுத்தாள். திட்டத்தின் முதல் வரியே அவள் வாயால் சொன்னதுதான்: 'வீல்சேர் கெட்டுப்போனால், அதில் உட்கார்ந்திருப்பவர் அதை எப்படித் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்?'

ஆஸ்பத்திரியின் பக்கவாட்டு கேட்டுக்கு எதிரே, படியில்லாமல் சரிவுப் பாதை வைத்த ஒரு அறை காலியாக இருக்கிறது. நல்ல திட்டத்தோடு வருகிற ஒருவருக்கு ஒரு வருடம் வாடகையில்லாமல் தருகிறது சிறுதொழில் மையம். இன்று மூன்று மணிக்கு நேர்காணல். இன்றைக்குத் தவறினால் அடுத்த வருடம்தான்.

காலை ஒன்பது மணிக்கு, முன்பே அனுப்பியிருந்த திட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த மையத்திலிருந்து போன் வந்தது.

"பதினோராம் பக்கத்துல ஒருத்தர் பேரு போட்டிருக்கீங்களே, அவங்களும் நேர்ல வரணும்மா. எங்க முன்னாடிதான் கையெழுத்து."

"வந்துடுவாங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள் சக்கரம்.

"யாரு வருவா?" என்று கேட்டார் பிரேக் மாஸ்டர்.

"அண்ணிதான்." பிரேக் மாஸ்டரின் அக்காவைத்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

சக்கரம் டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

"பேரு போட்டாச்சே" என்றாள்.

"அம்மா தாயே, அது நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு இல்ல."

இந்த வீட்டின் ஃப்ரிட்ஜ் கதவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதில் ஒரு தாள், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு காந்தம். வேலையை எழுதி, பக்கத்தில் ஒரு பெயரை எழுதினால் முடிந்தது. பெயருக்குரியவர் அதைச் செய்துவிட்டு கோடு போடுவார். யாரும் யாரையும் வாய் திறந்து கேட்டது கிடையாது, முடியாது என்று சொன்னதும் கிடையாது. இதனால்தான் நம் வீட்டில் சண்டையே வருவதில்லை என்று சக்கரம் பெருமையாகச் சொல்வாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நாத்தனார், அதாவது இந்த அண்ணி, ஆபீஸ் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். அப்போதும் சண்டை வரவில்லை.

"நீங்கதானே டைப் பண்ணீங்க? அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"நீ சொன்ன, நான் தட்டினேன். கேட்டுட்டுத்தான் சொல்றேன்னு நினைச்சேன்."

அவருடைய சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளேயே வைத்துக்கொண்டார்.

அது யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். வெளியூரில் பெரிய டிரைவிங் ஸ்கூல் ஒன்று அவரைத் தலைமை வாத்தியாராகக் கூப்பிடுகிறது. வாரத்தில் ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவிக்கு இந்த அறை கிடைக்காமல் போனால் வீட்டுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமே என்று, அவர் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் வைத்திருக்கிறார்.

*

ஸ்கூல் காரை சக்கரம்தான் ஓட்டினாள். வீடு வீடாகப் போகிற தொழில், ஓட்டத் தெரியாமல் முடியுமா? நாத்தனார் வேலை பார்க்கும் டாக்ஸி கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் பிரேக் மாஸ்டர் மூன்று தடவை தன் பிரேக்கை மிதித்தார்.

"மூணாவது எதுக்கு? ரோட்ல யாருமே இல்லையே."

"உன் மூஞ்சியைப் பார்த்து மிதிச்சேன். நீ ரோட்ல இல்ல."

அவர் அடுத்த மாணவருக்காகப் புறப்பட்டார். அவள் ஃபைலை அணைத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

நாத்தனார் ஹெட்போனோடு நான்கு லைன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் புருவத்தால் உட்காரச் சொன்னார்.

"சார், நீங்க கத்தினாலும் வண்டி அதே வேகத்துலதான் வரும். உங்க தெரு முனையில திரும்புது. ஜன்னல் வழியா பாருங்க, வெள்ளை கலர். தெரியுதா? சரி, இறங்குங்க." லைனை மாற்றிவிட்டு இவளிடம் சொன்னார்: "இவரு கேன்சல் பண்ண மாட்டாரு. கத்தறவங்க யாரும் பண்றதில்ல. 'பரவாயில்லம்மா, ஒண்ணுமில்ல'ன்னு மெதுவா சொல்வாங்க பாரு, அவங்கதான் வேற வண்டில ஏறியிருப்பாங்க."

பதினோரு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு. சக்கரம் பதினோராம் பக்கத்தைத் திறந்தே நீட்டினாள்.

"மூணு மணிக்கு அங்க வந்து ஒரு கையெழுத்து போடணும் அண்ணி. அஞ்சு நிமிஷ வேலை."

'உரிமையாளர் மூன்று மாதம் வேலை செய்ய முடியாத நிலை வந்தால், தொழிலை நடத்துபவர்' என்று அச்சடித்திருந்தது. எதிரே நாத்தனாரின் பெயர், முழுசாக, தலைப்பெழுத்தோடு.

நாத்தனார் ஃபைலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நாலாம் பக்கத்தில் நின்றார். 'இப்போது கையில் இருப்பவை' என்ற பட்டியல்.

"ஸ்பேனர், எட்டு. ஆலன் கீ ஒரு செட். டியூப் ஒட்டற பசை. கிரீஸ் டப்பா ரெண்டு, அதுல ஒண்ணு பாதி." நிமிர்ந்தார். "பாதி இருக்குன்னு வரைக்கும் எழுதியிருக்க."

"உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாங்க அண்ணி."

"நல்லா எழுதியிருக்க. கிரீஸ் நாலாம் பக்கத்துல வந்துடுது. நான் பதினொண்ணுலதான் வர்றேன். அதுவும் நீ படுத்தாத்தான்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் சக்கரத்துக்குச் சுட்டது.

"ஆபீஸ் பக்கம்னு சொல்லிட்டுப் போனேனே, மொத்தமே ரெண்டு ஸ்டாப்தான் குறைஞ்சுது. போறதுக்கு முந்தின நாள் ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு எண்ணினேன். பதினேழு வேலை. பன்னெண்டுல என் பேரு. நாலு உன்னுது. என் தம்பிக்கு ஒண்ணே ஒண்ணு, குப்பை போடறது. அதையும் நான்தான் போட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"எங்க சொல்றது? தாள்ல அதுக்கு இடம் இல்லையே."

இரண்டு லைன்கள் கண் சிமிட்டின. நாத்தனார் ஃபைலை மூடிக் கொடுத்தார்.

"முடியாது. சண்டையில்ல. உன் தொழில் நல்லா வரணும், அதுவும் நிஜம். ஆனா இது முடியாது."

சக்கரம் பேனாவை எடுத்தாள். பதினோராம் பக்கத்தில் அந்தப் பெயரின் மேல் தானே ஒரு கோடு போட்டாள். இவ்வளவு வருடத்தில் வேலை முடியாமல் அந்தப் பெயரின் மேல் கோடு விழுந்தது இதுதான் முதல் தடவை.

"கேட்டிருக்கணும்" என்றாள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. யாரும் கேட்டதில்லையே."

நாத்தனார் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்தார். அது வரவில்லை. கிறீச்சென்று ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. முழங்காலால் ஒரு இடி இடித்தார். அப்புறம்தான் வந்தது.

சக்கரத்தால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா போக முடியாது.

"ஒரு நிமிஷம் எழுந்திருங்க."

"என்ன?"

"ஒரு நிமிஷம் அண்ணி."

நாத்தனார் எழுந்து நின்றபடியே போன் எடுத்தார். சக்கரம் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு இடுக்கி, ஒரு சின்னக் கத்தரி. நாற்காலிச் சக்கரத்தின் அச்சைச் சுற்றி நூல் நூலாக முடி சுற்றியிருந்தது. பாதி கறுப்பு, பாதி நரை. வருடக்கணக்காக இதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவரின் தலைமுடி. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இழுத்து எடுத்தாள். ஐந்து சக்கரத்திலும் எடுத்தாள். கிரீஸ் தொட்டு வைத்தாள், அந்தப் பாதி டப்பாவிலிருந்து.

நாற்காலியை நிமிர்த்தி ஒரு விரலால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் போய் மேஜையைத் தொட்டு நின்றது.

"வர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

*

ஜெராக்ஸ் கடையில் ஒரு பெஞ்ச் இருந்தது. பதினோராம் பக்கத்தைப் புதிதாக அச்செடுத்தாள். பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டாள். கேட்டால், யாரும் இல்லை, நான் படுத்தால் கடையும் படுக்கும் என்று சொல்லிவிடலாம். உள்ளதை உள்ளபடிதானே சொல்லச் சொன்னார்கள்.

பிறகு நாலாம் பக்கத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளதை உள்ளபடி. பாதி கிரீஸ் டப்பா ஞாபகம் இருந்தது. அந்த வேலைக்கே எப்படி வந்தாள் என்பது ஞாபகம் வரவில்லையா?

பட்டியலுக்குக் கீழே கையால் எழுத ஆரம்பித்தாள்.

'என் நாத்தனார். ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் கிடைத்தது தரை துடைக்கிற வேலை. ரிப்பேர் அறையில் ஆள் எடுக்கிறார்கள், நீ மின்விசிறியைக் கழற்றி மாட்டுகிறவள்தானே, போய்க் கேள் என்று அனுப்பியவர் அவர். நேர்காணலுக்குப் போட என்னிடம் நல்ல செருப்பு இல்லை. தன்னுடைய பழுப்புச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அன்று பழைய செருப்போடு ஆபீஸ் போனார். எனக்கு ராத்திரி ஷிப்ட் இருந்த ஒன்பது வருடமும் என் மகளைத் தூங்க வைத்தவர் அவர். என் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், டிரைவிங் வாத்தியார் வீட்டில் இருக்கும்போதே. நான் ரிப்பேர் கற்றுக்கொண்ட பதினாலு வருடம் இவர் கொடுத்தது.'

இடம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினாள். கடைசியில், 'இதற்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை' என்று எழுதிவிட்டு, இதெல்லாம் தொழில் திட்டத்தில் வரலாமா என்று யோசித்தாள். வரட்டும் என்று ஃபைலில் செருகினாள்.

இரண்டே முக்காலுக்கு பிரேக் மாஸ்டர் அவளை மையத்தின் வாசலில் இறக்கிவிட்டார்.

"அக்கா?"

"முடியாதுன்னுட்டாங்க. அவங்க சொன்னது சரிதான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பையில் போன் அதிர்ந்தது. "நீ போ, நான் வண்டியை நிறுத்திட்டு வர்றேன்" என்றார்.

காத்திருப்போர் பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு வெள்ளைத் தாள்.

சக்கரம் அப்படியே நின்றாள்.

"உக்காரு. கையெழுத்து போட வரல. இதைச் சொல்லத்தான் வந்தேன். ஆறாம் பக்கத்துல, வாடிக்கையாளர் உன் போனுக்குக் கூப்பிடுவாங்கன்னு எழுதியிருக்க. நீ ஒரு கட்டிலுக்கு அடியில படுத்துட்டு, கையெல்லாம் கிரீஸோட இருக்கும்போது யாரு எடுப்பா?"

"எடுப்பேன் அண்ணி. துடைச்சுட்டு."

"துடைக்கறதுக்குள்ள அவங்க வேற ஆளைத் தேடிடுவாங்க. அப்புறம், காலைல வடக்கே ஒரு வீடு, அடுத்தது தெற்கே, மறுபடியும் வடக்கேன்னு ஓடினா நாளைக்கு ரெண்டு வீடுதான் பார்ப்ப. நான் போட்டா ஆறு." தாளை நீட்டினார். தெருத் தெருவாகப் பிரித்து, வேளை குறித்து, அம்புக்குறி போட்ட ஒரு நாளின் வரைபடம். "நாற்காலி சத்தம் போடாம இருந்துது. அதான் யோசிக்க முடிஞ்சுது."

சக்கரம் தாளைப் பார்த்தாள். ஆறு வாரமாக அவளும் வீட்டுக்காரரும் மண்டையை உடைத்துக்கொண்டும் தோன்றாத விஷயம்.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"என்கூட சேர்ந்து இதை நடத்தறீங்களா? நான் படுத்தா இல்ல. நான் நல்லா இருக்கும்போதே. பதினொண்ணுல வேண்டாம். ரெண்டாம் பக்கத்துல, உரிமையாளர்னு இருக்கற இடத்துல."

நாத்தனார் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"டாக்ஸி வேலையை உடனே விட மாட்டேன். மத்தியானம் வரைக்கும் அங்க, அப்புறம் நம்ம கடையில."

"சரி."

"ஞாயித்துக்கிழமை போன் எடுக்க மாட்டேன்."

"சரி."

"கடையில ஃப்ரிட்ஜ் கூடாது."

சக்கரத்துக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. ஃபைலைக் கொடுத்தாள். நாத்தனார் இரண்டாம் பக்கத்தில் தன் பெயரைத் தன் கையால் எழுதினார். மற்ற பக்கங்களைச் சரிபார்ப்பது போலப் புரட்டினார். நாலாம் பக்கத்தில் கை நின்றது.

படித்தார். திருப்பினார். பின்பக்கமும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"செருப்பு பழுப்பு இல்ல" என்றார். "கறுப்பு."

"மாத்திடவா?"

"இருக்கட்டும். மத்ததெல்லாம் சரி."

*

அதிகாரி அம்மா கறாரானவர். நாலாம் பக்கத்தில் கையால் எழுதியதைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"கையில இருக்கறதை எழுதச் சொன்னீங்க மேடம்."

அவர் முழுக்கப் படித்தார். வெட்டச் சொல்லவில்லை. ஆறாம் பக்கத்தோடு செருகியிருந்த வரைபடத்தை இரண்டு தடவை பார்த்தார். "இதுவரைக்கும் பார்த்ததுல, நாள் எப்படிப் போகும்னு சொன்ன திட்டம் இது ஒண்ணுதான்" என்றார்.

பதினோராம் பக்கத்துக்கு வந்தார்.

"இது காலியா இருக்கே. ரெண்டு பேரும் உரிமையாளர்னா மூணாவதா ஒரு ஆள் வேணும். நாள்பூரா இந்த ஊர்லயே இருக்கற ஆளா இருக்கணும்."

நாத்தனார் யோசிக்கவே இல்லை. பேனாவை எடுத்தார். "என் தம்பி இருக்கான். வாழ்க்கையில அவனுக்கு ஒரே ஒரு குப்பைதான் எழுதினோம். இப்ப எழுதறேன்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றார் அதிகாரி.

"எங்க வீட்டுல கேக்கற வழக்கம் இல்லைங்க."

"வேண்டாம் அண்ணி." சக்கரம் பேனாவை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுட்டு எழுதலாம்."

நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை விட்டுவிட்டார்.

அதிகாரி அம்மா மற்ற பதிமூன்று பக்கத்திலும் முத்திரை குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் மேஜை அதிர்ந்தது. பதினோராம் பக்கத்தை மட்டும் உருவித் திருப்பிக் கொடுத்தார்.

"மத்த எல்லாம் நிறைவா இருக்கு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள இதைப் பூர்த்தி பண்ணிக் கொண்டுவந்தா, சாவி உங்களுக்குத்தான். வரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்."

வெளியே வந்ததும் சக்கரம் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுதியது வேறு, வாயால் சொல்வது வேறு. சொல்லிவிட்டாள். "நன்றி அண்ணி. எல்லாத்துக்கும்."

"சரி சரி, ரோட்டைப் பாரு" என்றார் நாத்தனார். கையை விடவில்லை.

காரில் பிரேக் மாஸ்டர் தன் வழக்கமான பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் காதிலிருந்து போனை எடுத்துப் பைக்குள் போட்டார். அக்கா பின்சீட்டில் ஏறுவதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"அக்கா, நீயா? அப்ப முடிஞ்சுதா?"

"முக்கால்வாசி" என்றாள் சக்கரம். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, அந்த ஒற்றைத் தாளை அவர் மடியில் வைத்தாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இருபத்திரெண்டு வருஷத்துல முதல் தடவையா கேக்கறேன். எங்க ரெண்டு பேருக்கும் முடியாம போனா, நீங்க பார்த்துக்குவீங்களா? தினமும் இந்த ஊர்லயே இருக்கணுமாம். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

ஃப்ரிட்ஜ் கதவில் எழுதியிருந்தால் அவர் தலையைச் சொறிந்துகொண்டு போயிருப்பார். கேட்டுவிட்டாள். அவர் தாளையே பார்த்தார்.

"கேட்டியே, அதுவே எனக்குப் பெரிசு" என்றார். பிறகு, ரொம்ப மெதுவாக, "பரவாயில்ல, ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றார்.

பின்சீட்டில் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி. போன்ல யாரு?"

அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். சக்கரம் சாவியைத் திருப்பினாள். கியரைப் போட்டு, அவர் சொல்லிக்கொடுத்தபடி கிளட்சை மெள்ள விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. இன்னொரு தடவை செய்தாள். மறுபடியும் அணைந்தது.

குனிந்து பார்த்தாள். தப்பு அவளிடம் இல்லை. அவருடைய கால் பிரேக்கில் இருந்தது.